மரம் ஏற ஒரு லேசான வழி

நெட்டில் கிரீக், விஸ்கான்சின்
ஆகஸ்ட் 21, 2023

டுவேன்,

உறையில் என் பெயரைப் பார்த்ததும் இதை அடுப்பில் போடத் தோன்றியிருக்கும். போடு, ஆனால் வாசித்துவிட்டுப் போடு. எனக்குக் கை நடுங்குகிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல மார்லிஸ் எழுதுகிறாள். காலை பத்து மணிக்கு அவள் மதுக்கடையில் ஈ கூட இருக்காது. போனிலேயே பேசியிருப்பேன். உனக்குக் காது முழுக்கப் போய்விட்டது, எழுதிக் காட்டினால்தான் உண்டு என்று உன் மகன் ரஸ்ஸல் அவளிடம் சொன்னானாம்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு நலம் விசாரிப்பது கேலி மாதிரி இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அரசு காட்டுக்குப் போகும் தெற்குப் பாலம் வெள்ளத்தில் போனதல்லவா, அதைத் திரும்பக் கட்டப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. இனிமேல் வண்டியைக் கிழக்குப் பக்கம் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அங்கிருந்து நம் ஓக் முகட்டுக்கு ஒன்றே முக்கால் மைல், அதில் பாதி ஏற்றம். மானுக்காக மரத்தில் ஏறி உட்கார நான் வைத்திருக்கும் பழைய இரும்பு இருக்கையின் எடை இருபத்தாறு பவுண்டு. போன நவம்பரில் அதை முதுகில் கட்டிக்கொண்டு போனேன். மரத்தடிக்குப் போய்ச் சேரும்போது சட்டையைப் பிழியலாம் போல வேர்வை. மேலே ஏறி உட்கார்ந்த இருபது நிமிஷத்தில் அந்த வேர்வை குளிர்ந்து பல் கிட்டிப்போனது. மான் வந்தது. பதினெட்டு கஜத்தில் நின்றது. என்னால் வில்லை இழுக்க முடியவில்லை.

சொந்த நிலம் உள்ளவன் கோடையிலேயே ஏணியைச் சாய்த்து வைத்துவிடுவான். வேட்டை நாளில் காப்பிக் குடுவையோடு கைவீசி நடந்து போவான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பொது நிலத்தில் மரத்துக்குள் ஆணி இறங்கக் கூடாது, திருகு இறங்கக் கூடாது, பொழுது சாய்ந்தால் கொண்டுபோனதையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்துவிட வேண்டும். எதில் ஏறினாலும் அதைச் சுமப்பது முதுகுதான்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் போன இடத்தில், வேட்டைச் சாமான் எல்லாம் வைத்திருக்கும் நம் டெரிலிடம் கேட்டேன். அவன் சிரித்தான்.

"இன்னுமா அந்த இரும்புக் கட்டிலச் சுமக்கிற? இப்பல்லாம் இடுப்புல பட்டையக் கட்டிக்கிட்டு மரத்துல கயித்துல சாஞ்சுக்கிறாங்க, ஆர்லன். மொத்தமே ஒம்போது பவுண்டு."

"கொழந்தையத் தூளியில போடுற மாதிரியா?"

"ஒன் வயசுக்குத் தூளிதான் சரி. பால் புட்டியும் வாங்கித் தரவா?"

மார்லிஸோ தரையிலேயே உட்காரேன் என்கிறாள். நம் முகட்டில் காற்று எப்படிச் சுழலும் என்று உனக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்தால் நான் காலையில் என்ன தின்றேன் என்பது வரை மானுக்குத் தெரிந்துபோகும்.

இந்தச் சாமான்களைத் தரம் பார்த்துச் சொல்பவன் எப்போதும் நீதான். நான் வண்டி ஓட்டுவேன், நீ விலைப்பட்டியலைப் பக்கம் பக்கமாக வாசிப்பாய். எனக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. எதில் ஏறினால் சுமை குறையும், உயிரும் இருக்கும் என்று சொல். திட்டிவிட்டாவது சொல்.

ஆர்லன்


மில்வாக்கி
ஆகஸ்ட் 28

ஆர்லன்,

மரத்தில் ஏறும் வழி கேட்கிறாய். நான் இறங்கிய வழி மறந்துவிட்டதா?

2014 அக்டோபர் 25. பதினெட்டு அடி. இடுப்பில் இரும்பு வைத்திருக்கிறார்கள், மழைக்கு முன்னால் அது எனக்குச் செய்தி சொல்லும். என்னைத் தாங்கியிருக்க வேண்டிய தொங்கு பலகை நீ வாங்கித் தந்தது. ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை எனக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்தாய். அந்தப் பலகையை மரத்தோடு பிடிக்கும் வாரில் தையல் விட்டுப்போகிறது, ஏறாதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்று செய்த கம்பெனிக்காரன் ஆகஸ்டிலேயே கடிதம் போட்டிருந்தான். இரண்டும் உன் பெயரில் இருந்ததால் உன் வீட்டுக்குப் போட்டான். நான் விழுந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. விழுந்த பிறகு ரஸ்ஸல் கம்பெனியில் விசாரித்தபோதுதான் இது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கேட்டேன். அப்போது எனக்குக் காது கேட்கும். நீ சொன்னது நன்றாகவே கேட்டது.

"காயிதம் வந்துச்சா, ஆர்லன்?"

"வந்துச்சு."

"வாசிச்சியா?"

"வாசிச்சேன்."

அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். என் அக்கா, உன் பெண்டாட்டி லவோன் செத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அவள் தம்பியை அந்தப் பலகையில் ஏறவிட்டுவிட்டு, வாசித்தேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய்.

திருப்பி அனுப்பினால் அந்தப் பருவம் போய்விடும் என்று கமுக்கமாக இருந்தாய் என நினைத்தேன். ஆனால் நீயும் அதே மாதிரிப் பலகையில்தான் அந்த அக்டோபர் முழுவதும் நின்றாய். தையல் விடும் என்று தெரிந்தவன் தானும் ஏன் ஏறினான்? இது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அதைச் சொல். ஏன் என்னிடம் சொல்லவில்லை? உண்மையைச் சொன்னால் நீ கேட்டதற்குப் பதில் வரும். இல்லாவிட்டால் டெரிலிடம் பால் புட்டி வாங்கிக்கொள்.

டுவேன்


நெட்டில் கிரீக்
செப்டம்பர் 3

டுவேன்,

உன் கடிதத்தை மார்லிஸ் இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை பாதியில் நிறுத்தி எனக்கு ஒரு பிராந்தி ஊற்றினாள். காலை பத்தரை மணி.

அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேள். 1987 நவம்பர் 14, சனிக்கிழமை, ஈரப்பனி. நீ எட்டுக் கிளைக் கொம்பன் மானை அடித்த நாள். உன் இடது கையுறையில் கட்டைவிரல் கிழிந்திருந்தது. அம்பு விலாவுக்கு ஒரு விரற்கடை பின்னால் பட்டதால் மூன்று மணி நேரம் ரத்தம் தேடினோம். கடைசிச் சொட்டு ஒரு பிர்ச் மரத்தின் உரிந்த பட்டை மேல் இருந்தது, பார்த்தது நான். இறைச்சியில் பாதியைப் போலந்துக்காரரின் கறிக்கடையில் கொத்திக் கொடுத்தார்கள், அன்றைக்குக் கல்லாவில் அவர் மனைவி இருந்தாள், கையில் கட்டுப் போட்டிருந்தாள். இப்படி எந்த வருஷத்தைக் கேட்டாலும் சொல்வேன். அந்த ஆகஸ்ட் காகிதத்தைப் பற்றி மட்டும் கேட்காதே.

நான் அயோக்கியன் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதற்கு மேல் கேட்காதே, மச்சான்.

நான் சும்மா இருக்கவில்லை. டெரிலின் சாமான்களை எல்லாம் இரவல் வாங்கி மார்லிஸின் சமையலறைத் தராசில் வைத்தேன். அவளுக்கு வாயெல்லாம் வசவு. ஏணித் துண்டு நான்கும், நிற்கும் பலகையும் சேர்ந்து இருபத்திரண்டு பவுண்டு. அதற்கு என் இரும்பே மேல். இன்னொரு கூட்டம் கிளை மேல் கயிற்றை எறிந்து, கயிற்றிலேயே ஏறிப்போகிறது. எடை மிகக் குறைவு, ஆனால் பார்க்க சர்க்கஸ் மாதிரி இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் ஒன்று உண்டு. ஒரே ஓர் ஏணித் துண்டு. அதை மரத்தில் கட்டி ஏறி, பட்டையில் தொங்கிக்கொண்டே அதைக் கழற்றி, இன்னும் மேலே கட்டி, மறுபடி ஏறுவது. இறங்கும்போது கயிற்றிலேயே வழுக்கி இறங்கிவிடலாம். டெரில் சொன்ன ஒன்பது பவுண்டு இதுதான்.

நேற்று சாலையோரத்தில் ஒருவன் வீட்டுச் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தான். அதில் இந்த ஒற்றைத் துண்டும் பட்டையும் கயிறும் இருந்தன. கயிறு பழையதுதான், ஆனால் நூல் பிரியவில்லை. கூட ஒரு தாள் இருக்கிறது, எங்கேயோ நகல் எடுத்தது. படம் போட்டுத்தான் இருக்கிறது. படத்தைப் பார்த்தால் ஆயிற்று.

நீ ஒரு வார்த்தை சரி என்றால் போதும். பதினாறாம் தேதி பருவம் திறக்கிறது.

ஆர்லன்


மில்வாக்கி
செப்டம்பர் 9

ஆர்லன்,

சரி என்று சொல்ல மாட்டேன்.

அயோக்கியன் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறானாம். யாருக்கு வேண்டும் அது? ஒன்பது வருஷமாக நானே அதை எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது காரணம்.

ஒன்று கேட்கிறேன். கை நடுங்குகிறவனால் எழுத முடியாது, சரி. வில்லை மட்டும் எப்படி இழுத்துப் பிடிப்பான்? உன் கடிதத்தில் வாரம் தவறாமல் வைக்கோல் கட்டைக் குறியாக வைத்து அம்பு பழகுவதாக எழுதவில்லை, ஆனால் எழுபத்திரண்டு வயசில் பழகாமல் மரத்தில் ஏறுகிற ஆள் நீ இல்லை. உன் கையில் நடுக்கம் கிடையாது. எதற்கு இந்தப் பொய்? என் முகத்தில் விழிக்கக் கூசுகிறது, அதனால் இன்னொருத்தி கையால் எழுதுகிறாயா?

பழைய கயிற்றில் தொங்காதே. இதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் நீ விழுந்தால் மார்லிஸ்தான் உன்னைத் தூக்க வேண்டியிருக்கும், அவள் நல்லவள். அந்தத் தாளில் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு வரி விடாமல் எனக்கு எழுதி அனுப்பு. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதையும் சேர்த்து. வந்த பிறகு பார்ப்போம்.

நீ சொன்ன பிர்ச் மரம் பிர்ச் இல்லை, ஹிக்கரி.

டுவேன்


நெட்டில் கிரீக்
செப்டம்பர் 25

டுவேன்,

அது பிர்ச்தான். ஹிக்கரி அதற்கு முந்தின வருஷம்.

இந்தக் கடிதத்தைச் சொல்ல நான்கு நாள் இங்கே வந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனேன். இன்றைக்கு மார்லிஸ் கதவைப் பூட்டிவிட்டாள். சொல்லி முடித்தால்தான் கடை திறப்பாளாம்.

பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, என் வீட்டுப் பின்புறத்து வால்நட் மரத்தில் அந்த ஒற்றைத் துண்டைச் சோதித்துப் பார்த்தேன். நான்கடி உயரம்தான். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. கயிற்றைப் பிடித்து நிறுத்துகிற இரும்புக் கொக்கி ஒன்று உண்டு, அதற்குள் கயிற்றை வளைத்து மாட்ட வேண்டும். தாளில் இரண்டு படம் இருந்தது. ஒன்றைப் பார்த்து அப்படியே மாட்டினேன். சாய்ந்து உட்கார்ந்ததும் கயிறு வெண்ணெய் மாதிரி வழுக்கியது. வேர் மேல் விழுந்தேன். விலா இரண்டு எலும்பில் கீறல். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விட்டது.

வண்டியை ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு இங்கே வந்தேன். மார்லிஸ் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எந்தப் படத்தப் பாத்து மாட்டின?"

"இத."

"அடப்பாவி மனுஷா! அதுக்குக் கீழ 'இப்படி மாட்டாதே'ன்னுல்ல எழுதியிருக்கு. பெரிய எழுத்துல!"

"கண்ணாடி போடாம பாத்துட்டேன் போல."

"கண்ணாடி ஒன் மூக்கு மேலதான் இருக்கு, ஆர்லன்."

பிறகு அவள் துணியை எடுத்தாள். காய்ந்த கிளாசுகளையே எடுத்து மறுபடி துடைத்தாள். ஒரு வரிசை முடிந்ததும், "லவோன் இருந்தவரைக்கும் அவதான் வாசிச்சுச் சொன்னாளா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வெளியே ஓர் ஆளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. உனக்குச் சொல்வது இரண்டாவது.

எனக்கு வாசிக்கத் தெரியாது, டுவேன். எழுதவும் தெரியாது. என் பெயரை மட்டும் வரைவேன், அதுவும் லவோன் பழக்கியது. பள்ளிக்கூடத்தில் எழுத்து என் கண்ணில் நிற்கவே இல்லை. பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்பாவுக்குப் பால் கறக்க ஆள் தேவைப்பட்டது, பதினொரு வயதில் அதோடு சரி. கல்யாணம் ஆன இரண்டாம் வாரம் லவோன் கண்டுபிடித்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து தினமும் சாப்பிட்டதும் தபாலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பாள். உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்தாள். அந்தப் பலகை இரண்டுக்கும் வாங்கியவர் விலாசம் கேட்கும் கம்பெனி அட்டையை நிரப்பி அனுப்பியதும் அவள்தான்.

மார்ச்சில் போய்விட்டாள். அதற்குப் பிறகு தபாலில் வந்ததை நான் பார்வையால் பிரித்தேன். ஜன்னல் வைத்த உறை என்றால் பில், அதை பேங்கில் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் வந்த உறையின் மூலையில் மான் கொம்புப் படம் இருந்தது. எதையோ விற்கிறான் என்று நினைத்தேன். தொத்திறைச்சிக்குப் புகை போட அன்றைக்கு நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். அதில் போட்டேன். எது எரிகிறது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோதுதான் அது என்ன காகிதம் என்று எனக்கே தெரிந்தது. அறையில் ரஸ்ஸல் இருந்தான், நர்ஸ் இருந்தாள், பாதிரியார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிச்சியா என்று கேட்டாய். வாசிக்கத் தெரியாது என்று வாய் வரை வந்தது. அயோக்கியன் என்ற பெயரோடு இந்த ஊரில் நடமாடிவிடலாம், எழுத்துத் தெரியாதவன் என்ற பெயரோடு முடியாது என்று அந்த ஒரு நிமிஷத்தில் தோன்றியது. வாசிச்சேன் என்றேன். அதைச் சொன்ன பிறகு திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. ஒரு நாள் போனது, ஒரு வாரம் போனது, உன்னை ரஸ்ஸல் மில்வாக்கிக்குக் கூட்டிப் போய்விட்டான்.

தெரிந்தே நான் உன்னை ஏறவிட்டேன் என்பது உண்மை இல்லை. நானும் அதில்தான் நின்றேன். என் வார் தாங்கியது, உன் வார் தாங்கவில்லை. இதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை.

மரம் ஏறும் வழியை இனி நீ சொல்ல வேண்டாம். அதற்காக இதைச் சொல்லவில்லை.

ஆர்லன்


மில்வாக்கி
அக்டோபர் 4

ஆர்லன்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இன்று புதன். நடுவில் ஐந்து பதில் எழுதிக் கிழித்தேன்.

முதல் பதிலில் உன்னை நம்பவில்லை. எழுத்துத் தெரியாதவன் முப்பத்தைந்து வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறான், எனக்குத் தெரியாமல் போய்விட்டதா என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக வந்து நின்றது. சாப்பாட்டுக் கடையில் நான் எதைக் கேட்டாலும் "எனக்கும் அதுவே" என்பாய். ஒரு தடவை ஈரல்கூடத் தின்றாய், ஈரல் வாசனையே உனக்கு ஆகாது. தெரியாத ஊரில் வழிப்பலகையைப் பார்க்க மாட்டாய், வண்டியை நிறுத்தி யாரையாவது கேட்பாய். உன்னைப் பேச்சுப் பிரியன் என்று நினைத்திருந்தேன். நான் விலைப்பட்டியலை வாசித்தால் ஒரு மாதம் கழித்தும் ஒவ்வொன்றின் எடையையும் திருப்பிச் சொல்வாய். தானே வாசிக்கச் சோம்பல்பட்டு என்னை வேலை வாங்குகிறான் என்று லவோனிடம் கோள் சொன்னேன். அவள், "நீ வாசிக்கிறது அவருக்குப் பிடிச்சிருக்குடா" என்றாள். 

ரஸ்ஸல், என்ன ஆயிற்று என்று எழுதிக் காட்டினான். உன் கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு வெளியே போய்ப் புல் வெட்ட ஆரம்பித்தான். புல் வளர்வது நின்றுபோகும் அக்டோபரில்.

வாசிக்கத் தெரியாததில் நான் மன்னிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உறையை என்னிடம் நீட்டியிருக்கலாம். அந்தக் கோடை முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் உன் சமையலறையில்தான் உட்கார்ந்திருந்தேன். "இது என்னன்னு பாரு" என்று மூன்று வார்த்தை. அதை மன்னிக்க எனக்கு நாள் வேண்டும். எத்தனை நாள் என்று கேட்காதே.

வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். மார்லிஸ், இங்கிருந்து மெதுவாக வாசி. அவன் தலையாட்டினால் நம்பாதே, திருப்பிச் சொல்லச் சொல்.

ஒற்றைத் துண்டு உனக்கு வேண்டாம். ஒன்பது பவுண்டு என்பது உண்மைதான். ஆனால் அதில் ஏறுகிறவன் கட்டி, ஏறி, தொங்கி, கழற்றி, மறுபடி கட்டி, ஒரு மரத்துக்கு நாற்பது காரியம் வரிசை தப்பாமல் செய்ய வேண்டும். விடியும் முன், விறைத்த விரலோடு. முதுகில் குறைகிற எடை அப்படியே தலையில் ஏறிக்கொள்கிறது. கிளையில் கயிறு எறிவதும் வேண்டாம். இருட்டில் எது உயிருள்ள கிளை, எது செத்த கிளை என்று தெரியாது.

உனக்கு இடுப்புப் பட்டை, மூன்று குட்டை ஏணித் துண்டு, கால் வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. எல்லாம் சேர்ந்து பதினான்கு பவுண்டு. டெரிலின் கணக்கைவிட ஐந்து பவுண்டு கூடுதல், அதை உன் தொப்பையில் குறை. மூன்று துண்டுக்குப் பன்னிரண்டு அடிதான் ஏற முடியும், அது போதும். எல்லோரும் இருபதடி என்பார்கள். நம் முகட்டில் மான் கீழ்ச்சரிவிலிருந்து வரும். அங்கே பன்னிரண்டடியில் நிற்பவன் அதன் கண்ணுக்கு இருபத்தைந்தடியில் நிற்கிறான்.

இனி முக்கியமானது. நாம் இரண்டு பேரும் முப்பத்தைந்து வருஷமாக ஒரு தப்பைச் செய்துவந்தோம். நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தப்பு. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கயிற்றைக் கட்டிக்கொள்வோம். கீழேயே கட்டுகிறவனைப் பார்த்தால் பயந்தாங்கொள்ளி என்போம். அன்றைக்கு நான் பலகையில் கால் வைத்தபோது பாதுகாப்புக் கயிறு என் கையில் இருந்தது, ஆர்லன். கையில். இன்னும் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் வார் அறுந்தும் நான் தொங்கிக்கொண்டு உன்னைக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டிருப்பேன். வார் அறுந்தது ஒரு தப்பு. கட்டாதது என் தப்பு. இதை ரஸ்ஸலிடம்கூட நான் சொன்னதில்லை.

புதிய கயிறு இரண்டு தனிப் பொட்டலமாக வருகிறது. சிவப்பு ஏறுவதற்கு, மரத்தைச் சுற்றி இடுப்போடு வருவது. நீலம் நிற்பதற்கு. தரையில் முதல் துண்டில் கால் வைக்கும் முன் சிவப்பு மாட்டியிருக்க வேண்டும். நீலம் மாட்டி, அதில் உன் எடையைச் சாய்த்துப் பார்க்காமல் சிவப்பை அவிழ்க்கக் கூடாது. இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய். முடிச்சுகளை நான் போட்டு அனுப்புகிறேன், அவற்றைத் தொடாதே. பட்டையை மட்டும் கடையில் புதிதாக வாங்கு. கூட வரும் அட்டையை மார்லிஸ் உன் பெயரில் நிரப்பி அனுப்பட்டும்.

டுவேன்


நெட்டில் கிரீக்
நவம்பர் 2

டுவேன்,

கயிறு வந்தது. மார்லிஸ் எனக்குப் பரீட்சை வைத்தாள். கடையின் நடுத்தூணில், கூட்டம் இருக்கும்போது. சிவப்பு எதற்கு, நீலம் எதற்கு, எது முதலில், எது பிறகு. ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு சீஸ் துண்டு. டெரில் சீட்டாட்டத்தை விட்டுவிட்டு வந்து நின்றான்.

"என்ன ஆர்லன், தூளி கட்டியாச்சா? தாலாட்டுப் பாடவா?"

"பாடு. ஒன் பாட்டக் கேட்டா மானெல்லாம் என் பக்கம் ஓடியாரும்" என்றேன். கடையே சிரித்தது.

பிறகு மார்லிஸ் உன் கடிதத்திலிருந்து ஒரு பகுதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டுமா என்று என் காதில் கேட்டாள், அந்தக் கையில் பிடித்த கயிற்றின் கதையை. அது உன்னுடையது, கேட்காமல் தர மாட்டேன் என்றேன். என்னுடையதை மட்டும் நானே சொல்லிவிட்டேன். கடிதங்களை எனக்கு எதற்கு மார்லிஸ் வாசிக்கிறாள் என்று டெரில் கேட்டான், எனக்கு எழுத்துத் தெரியாது என்றேன். டெரில் திரும்பிச் சுவரைப் பார்த்தான். பிறகு, "அப்ப இத்தன வருஷமா சுவத்துல ஒட்டியிருக்கிற என் பாக்கிச் சீட்ட நீ பாக்கவே இல்லியா?" என்றான். அவ்வளவுதான் நடந்தது. நான் பயந்ததற்கு இவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

விலா வலி அடங்கியதும், அக்டோபர் 14 அன்று, என் முதல் ஏற்றம். சரிவில் அந்த இரட்டை ஓக். முதுகில் பதினான்கு பவுண்டு என்பது ஒன்றுமே இல்லை. வழியில் இரண்டு தடவை, எதையோ மறந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தேன். சட்டை நனையவில்லை. சிவப்பு, துண்டு, துண்டு, துண்டு, தட்டு, நீலம், சாய்ந்து பார்த்தேன், பிறகுதான் சிவப்பை அவிழ்த்தேன். பன்னிரண்டடியில் கயிற்றில் சாய்ந்து நிற்பது விநோதமாக இருக்கிறது. மரம் அசைந்தால் நானும் அசைகிறேன். 21ஆம் தேதி காலை எட்டே காலுக்கு ஒரு பெட்டை மான், நீ சொன்ன கீழ்ச்சரிவிலிருந்தே வந்தது. தலையைத் தூக்கவே இல்லை. தொத்திறைச்சி நான்கு சுருள் தனியாக அனுப்புகிறேன்.

இனி நான் எழுதச் சொன்ன காரணம்.

செவ்வாய்க்கிழமை தபாலில் ஓர் உறை வந்தது. பட்டை செய்த கம்பெனியிலிருந்து, என் பெயருக்கு. மெலிதான உறை. மார்லிஸ், கொடு, இப்போதே வாசிக்கிறேன் என்று கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் புரிந்துகொண்டாள். உறையைப் பிரிக்காமல் இதோடு வைத்திருக்கிறேன்.

இது நவம்பர் முதல் வாரம், உனக்குத் தெரியும். கொம்பன்கள் பெட்டை தேடிப் பட்டப்பகலில் புத்தி கெட்டுத் திரிகின்றன. நேற்று சாலையிலிருந்தே இரண்டைப் பார்த்தேன். பட்டையும் கயிறும் வாசல் ஆணியில் தொங்குகின்றன. இன்னும் நான்கு நாளோ ஐந்து நாளோ தொங்கட்டும்.

இது என்னன்னு பாரு, டுவேன். நீ சொல்லும்வரை நான் தரையில் இருக்கிறேன்.

ஆர்லன்


மில்வாக்கி
நவம்பர் 6

ஆர்லன்,

உறையைச் சமையல் கத்தியால் பிரித்தேன். உள்ளே ஒரே தாள். முன்பக்கம், பின்பக்கம், அடியில் பொடி எழுத்தில் இருந்தது உட்பட எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். பிறகு ரஸ்ஸலையும் வாசிக்கச் சொன்னேன்.

தொப்பி விளம்பரம். காதை மூடும் கம்பளித் தொப்பி, இரண்டு வாங்கினால் மூன்றாவது சும்மா. பட்டையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மார்லிஸ் கடைக்குப் போன் போட்டு இப்போதே சொல்லிவிடட்டுமா என்று ரஸ்ஸல் எழுதிக் காட்டினான். வேண்டாம், தபாலிலேயே போகட்டும் என்றேன். நீ இன்னும் இரண்டு நாள் தரையில் உட்கார்ந்திருந்தால் குடி முழுகிவிடாது. அந்த அளவுக்குக் கோபம் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

அதற்கு மேல் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வியாழக்கிழமையிலிருந்து காற்று வடமேற்கு என்கிறார்கள், நம் முகட்டுக்குத் தோதானது. ஏறு.

டுவேன்